பின்டயரை மாற்றுவதற்கு முன்: குமரி மாவட்ட மண்பாதைகளில் வரும் குறைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

குலசேகரம், திருவட்டாறு, அருமனை வட்டாரத்து ரப்பர் தோட்டப் பாதைகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் எங்கள் சிறு குழுவில், டயர் லிவர்களும் கைப்பம்பும் என் பையில்தான் இருக்கும். அதனால் யாருடைய வண்டி நின்றாலும் பின்சக்கரத்தைக் கழற்றும் வேலை என்னிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. "டயர் சரியில்லை, எதை வாங்கலாம்?" என்று கேட்டு வந்த பலருடைய வண்டியில் டயர் நன்றாகவே இருந்தது, காற்றின் அளவோ, டியூபோ, ரிம்மோதான் குறையாக இருந்தது. அந்தக் குறையை அப்படியே வைத்துக்கொண்டு புதிய டயர் போட்டவர்கள், இரண்டாம் வாரமே அதே ஏற்றத்தில் மறுபடியும் நின்றார்கள். ஆகவே இங்கே டயர்களின் பெயர்ப்பட்டியல் இல்லை. சக்கரம் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்து, செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணம்வரை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவதுதான் இதன் முறை.

## தொடங்குவதற்கு முன்

0 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் சிறிய காற்றுமானி ஒன்று வேண்டும். பெட்ரோல் பங்கில் இருக்கும் கருவி காருக்கும் லாரிக்கும் உரிய உயர்ந்த அளவுகளுக்கானது. 12க்கும் 16க்கும் உள்ள வேறுபாட்டை அதில் நம்பிப் பார்க்க முடியாது. மண்பாதையிலோ அந்த நான்கு புள்ளிகளுக்குள்தான் பிடிப்பும் பஞ்சரும் தீர்மானமாகின்றன. காற்றைக் காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். ஓடிச் சூடான டயரில் எண் கூடுதலாகவே காட்டும்.

தடித்த டியூபும், டயர் ரிம்மின் மேல் நழுவாமல் பிடித்துவைக்கும் ரிம் லாக்கும் பொருத்திய இலகுவான டர்ட் பைக்கில் பின்சக்கரத்துக்கு 12 முதல் 14 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். எக்ஸ்பல்ஸ் 200 போன்ற வண்டிகளுக்கு 18 முதல் 20, எடை 200 கிலோவை நெருங்கும் பழைய ஹிமாலயன் 411 போன்றவற்றுக்கு 20 முதல் 22 என்பது என் அனுபவத்தில் பாதுகாப்பான தொடக்கம். அங்கிருந்து ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாகக் குறைத்துப் பார்க்க வேண்டுமே தவிர, முதல் நாளே கீழே இறங்கிவிடக் கூடாது. தார்ச்சாலைக்குத் திரும்பும்போது வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிக்கொள்வதும் இதே வேலையைச் சேர்ந்ததுதான்.

எந்த ஏற்றத்தில் சோதித்துப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறை, காளிகேசம் பக்கங்களில் தோட்டம் முடியும் இடத்திலேயே காப்புக்காடு தொடங்கிவிடுகிறது. அதற்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மேலும் அது யானை நடமாடும் இடம். தனியார் தோட்டத்திலும் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, பால்வெட்டு நடக்காத பகுதியில் மட்டுமே ஓட்ட வேண்டும். மரங்களுக்காக வெட்டிய படிமேடைகளின் விளிம்பில் சக்கரத்தைச் சுழலவிட்டால், அடுத்த மழையிலேயே அந்த மண் ஓடைக்குப் போய்விடும்.

## அறிகுறி 1: ஏற்றத்தில் பின்சக்கரம் சுழல்கிறது, வண்டி ஏறவில்லை

ஆக்சிலரேட்டரை மேலும் திருகாமல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, டயரின் பட்டன்களுக்கு, அதாவது மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளுக்கு, இடையே பாருங்கள். அடுத்த கேள்வி அங்கேதான் பிரிகிறது.

### இடைவெளிகளில் செம்மண் அடைந்து டயர் வழுவழுப்பாகிவிட்டது என்றால்

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் என்பதால், கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் செம்மண் ஆண்டில் பல மாதங்கள் பிசைந்த மாவு போலவே இருக்கிறது. சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்களில் பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால், இரண்டு சுற்றிலேயே மண் அடைத்துக்கொள்கிறது; அதன் பிறகு மண்ணின் மேல் மண்தான் உருள்கிறது.

முதலில், சமதளத்துக்கு வந்து, பின்னால் யாரும் நிற்கவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, சற்று வேகமாக ஓட்டி அடைந்த மண்ணை எறியச் செய்யுங்கள். அடுத்து, காற்றை இரண்டு பி.எஸ்.ஐ. குறையுங்கள், டயர் சிறிது நெளியும்போது மண் தானாகவே உதிர்வது கூடும். இவ்விரண்டுக்குப் பிறகும் நூறு அடிக்குள் மறுபடி அடைத்துக்கொண்டால், அப்போதுதான் அது டயரின் குறை. பட்டன்கள் உயரமாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள வேறு டயர் வேண்டும்.

### டயர் சுத்தமாக இருந்தும் சுழல்கிறது என்றால்

இது பெரும்பாலும் சரள் கிடக்கும் காய்ந்த ஏற்றத்திலோ, ரப்பர் இலை உதிரும் மாதங்களில் சருகு மெத்தையின் மேலோ நடக்கும். ரப்பர் காய் வெடித்து விதைகள் சிதறிக் கிடக்கும் காலத்தில் அவை சக்கரத்தின் அடியில் கோலிக்குண்டு போல உருளும். அதற்கு எந்த டயரும் மருந்தல்ல, அந்தப் பாதையைச் சில வாரங்கள் விட்டுவிடுவதே நல்லது.

சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். காற்று கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் கியரில் திணறவைப்பதற்குப் பதிலாக இரண்டாம் கியரில், உடலின் எடையைப் பின்சக்கரத்தின் மேல் வைத்து ஏறிப் பாருங்கள். பிறகு நடுவரிசைப் பட்டன்களின் முன்விளிம்பைக் கட்டைவிரலால் தடவுங்கள். பட்டனின் உயரம் பாதிக்கு மேல் இருந்தும் விளிம்பு மட்டும் உருண்டு மழுங்கியிருந்தால், டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டுப் புதிய விளிம்பைப் பெறலாம். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி ஒன்று மட்டும் இருந்தால் இதைச் செய்யக் கூடாது. குறியே இல்லாமலோ, இரு திசைக்கும் குறி இருந்தாலோ செய்யலாம். இந்த ஒரு வேலை எங்கள் நண்பர் ஒருவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் புது டயர் வாங்கும் செலவைத் தள்ளிப்போட்டது.

விளிம்பும் கூர்மையாக இருந்து, நிலமும் இறுகிய நிலமாக இருந்தால், சேற்றுக்கான உயரப் பட்டன் டயரைக் கெட்டி நிலத்தில் ஓட்டுகிறீர்கள் என்று பொருள். அந்த உயரமான பட்டன்கள் கெட்டித் தரையில் புதைய முடியாமல் மடங்கிவிடும்.

## அறிகுறி 2: நனைந்த பாறையிலும் வேரிலும் பின்பகுதி பக்கவாட்டில் நழுவுகிறது

இங்கே பட்டனின் வடிவத்தைவிட ரப்பரின் மென்மையே முக்கியம். விரல் நகத்தைப் பட்டனின் பக்கத்தில் அழுத்துங்கள். தடம் பதிந்து மெல்ல மறைந்தால் ரப்பர் உயிரோடு இருக்கிறது. நகம் பதியவே இல்லையென்றாலோ, பட்டனின் அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ, டயர் இறுகிவிட்டது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2321 என்று இருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்த்த டயர். பட்டன் முழுதாக இருக்கிறது என்பதற்காக இறுகிய டயரை ஈரப்பாறையில் நம்பிப் பயனில்லை.

ரப்பர் மென்மையாகவே இருந்தால் காற்றை ஒரு பி.எஸ்.ஐ. குறைத்து, வேரைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்கோணத்தில் கடந்து பாருங்கள். ஓடைக்கற்களில்தான் உங்கள் நேரம் பெரும்பாலும் கழிகிறது என்றால், மிக மென்மையான ரப்பரில் வரும் எண்டியூரோ (காடுமேட்டுப் பாதைகளில் ஓட்டும் நெடும்போட்டி) டயர்கள் உள்ளன; அவை நன்றாகவே பிடிக்கும், ஆனால் தார்ச்சாலையில் அழிரப்பர் போலக் கரைந்துபோகும். வண்டியை வேனில் ஏற்றிக் கொண்டுபோகும் வசதி இல்லாதவருக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை. பாசி படர்ந்த பாறையில் எதுவும் நிற்காது. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

## அறிகுறி 3: அடிக்கடி பஞ்சர் ஆகிறது

என்னிடம் வரும் குறைகளில் பாதி இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். டியூபை ஒட்டுவதற்கு முன் துளையைப் படிக்க வேண்டும். டயரையும் டியூபையும் பிரிக்கும்போதே, வால்வு இருந்த இடத்துக்கு நேராக டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டியூபில் துளை எங்கே இருக்கிறதோ அதற்கு நேரான இடத்தை டயரிலும் ரிம்மிலும் பிறகு தேடிப் பார்க்க அந்தக் கோடுதான் உதவும்.

### அருகருகே இரண்டு கீறல்கள்

கல்லில் மோதும்போது டயர் நசுங்கி, ரிம்மின் இரு விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே டியூப் அகப்பட்டதன் அடையாளம் இது. காற்று குறைவு என்பதே முதல் காரணம். ஒரு ஜூன் மாதம் பேச்சிப்பாறைச் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தில், ஒரே காலையில் எனக்கு மூன்று முறை இப்படி நேர்ந்தது. மானி 14 காட்டியது. வீட்டுக்கு வந்து வேறொரு மானியை வைத்துப் பார்த்தபோது 9தான் இருந்தது. மானி கைதவறி விழுந்து கெட்டுப்போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்று முதல் பருவத்துக்கு ஒருமுறை இரண்டு மானிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

காற்று சரியாக இருந்தும் இதே கீறல் திரும்பத் திரும்ப வந்தால், சாதாரண டியூபை மாற்றி 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள டியூபைப் போடுங்கள். எடை கூடும், ஆனாலும் வெட்டுகல் துருத்திய பாதையில் அதற்குரிய பயன் உண்டு. அதற்கும் அடங்கவில்லையென்றால் டயரின் பக்கச்சுவர் மெலிந்தது. அடுத்த டயரைக் கெட்டியான பக்கச்சுவர் உள்ளதாகத் தேர வேண்டும். கூடவே ரிம்மின் விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சிறு நெளிவு என்றால் அப்படியே ஓட்டலாம். விரல் நுனி உட்காரும் அளவுக்குப் பள்ளமோ, வெடிப்போ இருந்தால், அதைச் சுத்தியலால் நீங்களே தட்டி நிமிர்த்தாமல் ரிம் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

### வெளிப்பக்கத்தில் ஒரே துளை

முள் அல்லது ஆணி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே உள்ள காய்ந்த நிலத்தில் சீமைக்கருவேல முள் இதற்குப் பெரும் காரணம். அந்த முள் டயருக்குள் ஒடிந்து, நுனி மட்டும் உட்புறம் நீட்டிக்கொண்டு நிற்கும்; அதை எடுக்காமல் டியூபை மாற்றினால் புதிய டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். பழைய பருத்தித் துணியை உட்புறம் முழுவதும் இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவாதீர்கள்.

### உட்பக்கத்தில், ரிம்மைத் தொடும் இடத்தில் துளை

ஸ்போக்கின் முனை, அதை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி நீண்டிருக்கும், அல்லது ரிம் பட்டை விலகியிருக்கும். பட்டையை மாற்றுவது மிகக் குறைந்த செலவுள்ள வேலை. ஸ்போக் நீண்டிருந்தால் அரத்தால் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத்தான் பட்டையைப் போட வேண்டும்.

### வால்வின் அடி கிழிந்திருந்தால்

டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்கிறது. டியூபையும் கூடவே இழுத்துச் செல்கிறது. இது கிழிவதற்கு முன்பே தெரியும் குறை: வால்வு நிமிராமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். இதனால்தான் வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல், மேலேற்றி மூடியோடு சேர்த்துவைக்கச் சொல்கிறேன். சாய்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும். டியூப் அசையவும் இடம் வேண்டும். காற்றைச் சரியாக்கியும் சாய்வு திரும்ப வந்தால் ரிம் லாக் பொருத்த வேண்டும். ஏற்கெனவே இருந்தால் அதன் நட்டு தளர்ந்திருக்கும். ரிம்மில் அதற்கான துளை இல்லையென்றால், துளைபோடும் வேலையை வர்க்‌ஷாப்பில் விடுங்கள். ஸ்போக் துளைகளுக்கு மிக அருகே போட்டுவிட்டால் ரிம் அங்கிருந்தே வெடிக்கத் தொடங்கும்.

### துளையே இல்லை, ஆனால் காற்று இறங்குகிறது

வால்வின் வாயில் எச்சிலையோ சோப்பு நீரையோ தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். அவ்வளவுதான்.

டியூபைத் திரும்பப் போடும்போது வடிவம் வரும் அளவுக்குச் சிறிது காற்றை ஏற்றிக்கொண்டு, முகப்பவுடரைத் தூவி, டயரின் ஒரு பக்க விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இருக்கவைத்தால், எதிர்ப்பக்கம் லிவருக்குச் சுலபமாக ஏறும். லிவரைப் பலத்தால் நெம்ப வேண்டியிருக்கிறது என்றால் எதிர்ப்பக்க விளிம்பு பள்ளத்தில் இல்லை என்று பொருள். மேலும் நெம்பினால் புதுத் துளை உங்கள் கையாலேயே விழும்.

## அறிகுறி 4: பின்பகுதி ஆடுகிறது, வண்டி நேராக நிற்பதில்லை

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் காற்றில் நிறுத்துங்கள். காற்றின் அளவைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். இரண்டு மூன்று தளர்ந்திருந்தால் கால் சுற்றுக்கு மேற்படாமல் இறுக்கலாம். ஐந்தாறு தளர்ந்திருந்தாலோ, ஒன்று முறிந்திருந்தாலோ, சக்கரத்தைத் தாங்கியில் வைத்து நேராக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து சக்கரத்தை மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங். சக்கரத்தோடு, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் ஆடினால் அதன் புஷ் அல்லது பேரிங். இரண்டும் வர்க்‌ஷாப் வேலைகள். இவற்றை வைத்துக்கொண்டு மலைச்சரிவில் இறங்கக் கூடாது. எல்லாம் சரி, ஆனாலும் கெட்டி நிலத்தில் மட்டும் ஆடுகிறது என்றால், உயரமான பட்டன்கள் வளைவதால் வரும் ஆட்டம் அது. அது பழுதல்ல, நீங்கள் தேர்ந்த டயரின் இயல்பு.

## அறிகுறி 5: பட்டன்கள் விரைவில் தேய்கின்றன அல்லது பிய்கின்றன

நடுவரிசை மட்டும் தேய்ந்திருந்தால் தார்ச்சாலையே காரணம். மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தோட்டம்வரை சாலையில் ஓட்டிக்கொண்டு வருபவர்கள், போட்டிகளுக்கான மோட்டோகிராஸ் டயரை வாங்குவது வீண். பொதுச்சாலைக்கு உரியதல்ல என்ற குறிப்பும் அவற்றில் இருக்கும். பட்டன் அடியோடு பிய்ந்து உள்ளே நூல் தெரிந்தாலும், பக்கச்சுவர் வெட்டுப்பட்டு நூல் தெரிந்தாலும், அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பஞ்சர் கடையில் உள்ளே ஒட்டுப்போட்டு ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

## அறிகுறி 6: புதிய டயர் போட்ட பிறகு உரசுகிறது

வாங்குவதற்கு முன் கணக்குப் போட்டிருந்தால் வராத குறை இது. எக்ஸ்பல்ஸ் 200 வண்டியோடு வரும் பின்டயர் 120/80-18. அகலம் 120 மில்லிமீட்டர், உயரம் அதில் 80 விழுக்காடு, அதாவது 96 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 120/90-18 போட்டால் உயரம் 108 ஆகிறது. அச்சிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 12 மில்லிமீட்டர் கூடுகிறது. 110/100-18 போட்டால் அகலம் குறைந்தும் உயரம் 110 ஆகிவிடும். டயருக்கும் ஸ்விங் ஆர்முக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை, அச்சை முழுவதும் முன்னே தள்ளிய நிலையில் அளந்துகொள்ளுங்கள். அதிலும் ஒரு விரல் அளவு சேற்றுக்காக விட வேண்டும். உரசல் சிறிதாக இருந்து, செயினில் இடம் இருந்தால், அச்சைப் பின்னுக்கு நகர்த்தினால் போதும். அகலத்தால் செயினில் உரசினால் நகர்த்தியும் தீராது. அந்த டயரைத் திருப்பிக் கொடுப்பதே வழி. பட்டனைச் சீவி இடம் பண்ணாதீர்கள்.

## டயரைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் விலக்கிய பிறகும் குறை நின்றால் வாங்குங்கள். வண்டியோடு வந்த அளவையே முதலில் தேடுங்கள்; 19 அங்குல டயர்கள் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கானவை, பாதை ஓட்டத்துக்கான எண்டியூரோ வண்டிகளில் பின்சக்கரம் 18 அங்குலம். அகலமான டயர் கூடுதலாகப் பிடிக்கும் என்று எண்ணி 140ஐக் குறுகிய ரிம்மில் திணித்தால், டயர் குவிந்து நடுவரிசை மட்டுமே தரையைத் தொடும்.

பலருக்கு முரணாகத் தோன்றும் உண்மை ஒன்று உண்டு: மென்மையான நிலத்துக்குக் கெட்டியான ரப்பர், கெட்டியான நிலத்துக்கு மென்மையான ரப்பர். சேற்றில் உயரமான பட்டன் வளையாமல் குத்தி நிற்க வேண்டும். பாறையிலோ ரப்பர் நெளிந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்த மாவட்டத்தில் ஒரே காலையில் செம்மண் சேறு, சரள், வேர், ஓடைக்கல் எல்லாம் வந்துவிடுவதால், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைத்தர டயரே பெரும்பாலானோருக்குப் பொருந்தும். ஜூன் முதல் நவம்பர்வரை மேற்குத் தோட்டங்களில் மட்டும் ஓட்டுபவர் சேற்றுப் பக்கம் சற்றுச் சாயலாம். தோவாளைப் பக்கத்துக் கல்நிலமே கதி என்பவர் பட்டன் குட்டையாகவும் நெருக்கமாகவும் உள்ளதை வாங்கட்டும். பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் எண்டியூரோ விதிகளில் பட்டனின் உயரத்துக்கு 13 மில்லிமீட்டர் என்ற உச்ச வரம்பு உண்டு; நம் தோட்டப் பாதைகளில் அதற்கு மேல் எவருக்கும் தேவைப்படாது, அந்த வரம்புக்குள் உள்ள பட்டன் மண்ணையும் குறைவாகவே கிளறும்.

கடையில் தயாரிப்பு வாரத்தைப் பார்த்து வாங்குங்கள். பொருத்தும்போது விளிம்பில் சோப்பு நீர் தடவி, பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாமல் காற்றை ஏற்றி, ரிம்மை ஒட்டிச் சுற்றிவரும் மெல்லிய கோடு எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே காற்றைக் குறைக்க வேண்டும். கோடு ஓரிடத்தில் மறைந்திருந்தால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு நீர் தடவி ஏற்றுங்கள். இரண்டு முறை முயன்றும் அமரவில்லையென்றால் டயர்க் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். முதல் ஓட்டத்தை நிதானமாக முடித்து வீட்டுக்கு வந்ததும் ரிம் லாக் நட்டை இறுக்கி, ஸ்போக்குகளை மீண்டும் ஒருமுறை தட்டிக் கேட்டு, வால்வு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள்.